யானைக்குப் போட்ட பூட்டு

— இறக்காத! ஒரு கண்டும் இறக்காத. லொறியில ஏத்தினது லொறியிலயே நிக்கட்டும்.

— என்ன ராத்தா இது? வெயிலப் பாருங்க. நானூறு பூக்கண்டு. கோமாரியில இருந்து ஒரே ஓட்டமா ஓடி வாறன். இன்னும் கொஞ்ச நேரம் இப்பிடி நிண்டா எல்லாம் வாடிரும்.

— வாடட்டும்.

— வாடட்டுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள அறுகம்பை ஹோட்டல் தோட்டத்த முடிச்சுக் குடுக்கணும் எண்டு ஒத்தக் காலுல நிண்டது நீங்கதானே?

— நான்தான். இப்ப இறக்காத எண்டு சொல்றதும் நான்தான். பஸால், லொறிப் பலகையச் சாத்து. நாச்சியா! அந்தத் தண்ணிப் பைப்ப நிப்பாட்டிட்டு வந்து கேற்றச் சாத்து. இவன்ட லொறி இந்த வளவுக்குள்ள வரப்படாது.

— ஓம் ராத்தா.

— நாச்சியா, நீங்க கொஞ்சம் நில்லுங்க. ராத்தா, பாருங்க, இது நம்ம குடும்பத்துக் கதை. வேலைக்கு நிக்கிறவங்களுக்கு முன்னால என்னத்துக்குச் சத்தம் போடுறீங்க? கல்முனைக்குடி முழுக்கக் கேக்கும்.

— கேக்கட்டும். நாச்சியா இந்தக் கண்டுக் கடை தொடங்கின நாள்ல இருந்து என்னோட நிக்கிறவ. அவவுக்கு மறைக்க என்னட்ட ஒண்டும் இல்ல. உன்னட்டத்தான் இருக்கு. சொல்லு, நேத்து நான் எங்க போனன் தெரியுமா?

— எனக்கு எப்பிடித் தெரியும்?

— கோமாரிக்குப் போனன். நீ எனக்குக் கண்டு வளத்துத் தாற உன்ட தோட்டத்துக்கு.

— சொல்லாம ஏன் போனீங்க? ஒரு போன் கோல் எடுத்திருந்தா நான் வந்து கூட்டிப் போயிருப்பனே. நேத்து நான் அக்கரைப்பற்றுலதானே நிண்டன்.

— கோல் எடுத்திருந்தா, நான் கண்டதக் கண்டிருக்க மாட்டன்.

— என்னத்தக் கண்டீங்க?

— கேளு. அந்த ஹோட்டல்ல இருந்து ஒரு கடுதாசி வந்திச்சு. என்ட இடத்துலயும், எனக்குச் சாமான் தாறவங்கட இடத்துலயும், ஒருத்தரையும் அடிமை மாதிரி அடைச்சு வச்சு வேல வாங்கல்ல எண்டு நான் ஒப்பம் வைக்கணுமாம்.

— அட, அதா? அது சும்மா கடுதாசி ராத்தா. வெள்ளக்காரன் கேப்பான், நம்ம ஒப்பம் வச்சுக் குடுத்திட்டுப் போவம். ஆரு வந்து பாக்கப் போறான்?

— நானும் அப்பிடித்தான் நினைச்சன். பேனையையும் கையில எடுத்திட்டன். பொறகு மனசு கேக்கல்ல. ஒருக்காப் பாத்திட்டு வைப்பம், தம்பிர தோட்டம்தானே எண்டு நினைச்சன். உன்ட வேலையாக்களுக்கெண்டு தொதல் கிண்டி, ஒரு பெட்டியில போட்டு, பொத்துவில் பஸ்ஸுல ஏறினன். போய் இறங்கினா கேற்றுல பூட்டு. எந்தப் பக்கம் பூட்டு பஸால்?

— அங்க யானை வாற இடம் ராத்தா. நீங்க டவுன்ல இருக்கிறீங்க, உங்களுக்கு விளங்காது. போன மாசம் பக்கத்துத் தென்னந்தோட்டத்துல பதினஞ்சு மரத்தச் சாய்ச்சுப் போட்டுட்டுப் போனது. யானைக்குத்தான் பூட்டு.

— யானைக்குப் போட்ட பூட்டெண்டா திறப்பு உள்ளுக்க இருக்கிறவங்கட கையில இருக்கோணும். பூட்டு வெளியில தொங்குது. திறப்பு ஆருட்ட?

— முஸ்தாக்கிட்ட. வாச்சர்.

— அந்த முஸ்தாக் நான் போகக்குள்ள சந்தியில தேத்தண்ணிக் கடையில இருந்தான். உள்ளுக்க ஆறு பேர். நெருப்புப் பத்தினா என்னடா செய்வாங்க? பாம்பு கடிச்சா? வேலிக் கம்பியக் கடிச்சா வெளியில வருவாங்க?

— அல்லாஹ்வே, ஏன் ராத்தா இல்லாததெல்லாம் சொல்றீங்க? அப்பிடி ஒண்டும் நடக்கல்லயே.

— நடக்கல்லயா? அப்ப பூமணி எண்டு ஒருத்தியத் தெரியுமா உனக்கு?

— தெரியும். கண்டு மாத்தி நடுறவ. நல்ல வேலைக்காரி.

— நல்ல வேலைக்காரிதான். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நிண்டு என்னோட கதைச்சா. முதல்ல பயந்தா. முதலாளிர ராத்தா எண்டு சொன்னன், இன்னும் பயந்து பின்னால போனா. பொறகு தொதல் பெட்டியக் கம்பிக்குக் கீழால தள்ளினன். அத எடுத்து ஒரு துண்டு வாயில வச்சிட்டு அழத் தொடங்கினா. ஏன் அழுதா தெரியுமா?

— வீட்டு நினைப்பு வந்திருக்கும்.

— ஓம், வீட்டு நினைப்பு. மொணராகலைக்கு அங்கால தோட்டத்துல அவட உம்மா மௌத்தாப் போயிட்டா. சித்திரையில. சேதி முஸ்தாக்ட போனுக்கு வந்திருக்கு. அடக்கமும் முடிஞ்சு பதினாறாம் நாளும் முடிஞ்சுட்டு. அவ உன்ட தோட்டத்துல கறுப்புப் பையில மண்ண அடைச்சுக்கிட்டு நிண்டிருக்கா. போக விடுங்க எண்டு உன்ட காலப் பிடிச்சாளாமே?

— கால் எல்லாம் பிடிக்கல்ல.

— கேட்டாளா இல்லையா?

— கேட்டா. அந்தக் கிழமை ஓடர் கடுமையா இருந்திச்சு. ராத்தா, பாருங்க, நான் பிஸ்னஸ் செய்யணும். போனா திரும்பி வர மாட்டாங்க. இவங்களுக்கு முதல் நிண்ட கூட்டம் பெருநாளுக்கு எண்டு போச்சு. ஒருத்தரும் வரல்ல. மூவாயிரம் கண்டு தண்ணி இல்லாமச் செத்திச்சு. நான் ஒருத்தனா நிண்டு எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சன். அத நீங்க வந்து பாத்தீங்களா?

— பாக்கல்ல. அதுக்கு?

— அதுக்குத்தான் இவங்கட ஐடி காட்ட வாங்கி வச்சன். அதுவும் சும்மா இல்ல, துலைச்சிருவாங்க எண்டு. பாதுகாப்பா இருக்கட்டும் எண்டு.

— போன்?

— என்ன?

— ஆறு பேர்ட போனையும் வாங்கி வச்சியே, அதுவும் துலைஞ்சிருமா?

— வேலை நேரத்துல போன நோண்டிக்கிட்டு இருப்பாங்க.

— ஏழு மாசமா வேலை நேரமா? காட் இல்லாம ரோட்டுல இறங்கினா பொலிஸ் பிடிச்சு உள்ளுக்க போடும் எண்டு சொன்னியாமே? சொன்னியா இல்லையா? நிமிர்ந்து பாத்துச் சொல்லு பஸால்!

— சொன்னன். ஒரு பயத்துக்குச் சொன்னன். வல்லாஹி, ஒருத்தருக்கும் நான் கை நீட்டல்ல. மூணு நேரமும் சாப்பாடு. படுக்க இடம். காய்ச்சல் வந்தா மருந்து. கேட்டுப் பாருங்க.

— குவைத்துல நான் வேலைக்கு நிண்ட வீட்டு மாமாவும் எனக்குக் கை நீட்டல்ல.

— ராத்தா, அதையும் இதையும் ஒண்டாக்காதீங்க.

— ஒண்டுதான். மாமா எண்டு நான் கூப்பிட்ட அந்த மனிசியும் எனக்கு மூணு நேரம் சாப்பாடு தந்தா. பெருநாளைக்குப் புது உடுப்பும் தந்தா. பாஸ்போட்ட மட்டும் இரும்புப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டினா. அவங்க வெளிய போகக்குள்ள கதவையும் பூட்டிட்டுப் போனாங்க. வாப்பா மௌத்தாகி பதினொரு நாளைக்குப் பொறகுதான் எனக்குச் சொன்னாங்க. நான் குசினியில நிண்டு மீன் கழுவிக்கிட்டு இருந்தன். மாமா வந்து, உன்ட வாப்பா மௌத்தாம், மீனக் கழுவிட்டு வந்து துஆக் கேளு எண்டா. மீனக் கழுவிட்டு!

— தெரியும் ராத்தா. எனக்குத் தெரியாதா?

— உனக்குத்தான் நல்லாத் தெரியும். அதுதான் எனக்கு வயிறு எரியுது. என்ட போட்டோவத் தூக்கிக்கிட்டு கொழும்புக்குப் போனது ஆரு? மூணு நாள் அந்த வெளிநாட்டு வேலைக் கந்தோர் வாசல்ல மழையில நிண்டது ஆரு? என்ட ராத்தா சாமான் இல்ல, பூட்டி வைக்கிறதுக்கு எண்டு அந்த ஆபீசரப் பாத்துக் கத்தினது ஆரு? நீ. இருபது வயசு உனக்கு. மீசையும் ஒழுங்கா வரல்ல. நான் ஊருக்கு வந்து இறங்கக்குள்ள அந்தக் கதைய உம்மா எனக்குச் சொன்னா. எனக்கு அல்லாஹ் இப்பிடி ஒரு தம்பியத் தந்திருக்கானே எண்டு நினைச்சன்டா!

— அழாதீங்க.

— நான் அழல்ல. எனக்குக் கோவம். உன்ட கன்னத்துல ஒண்டு விடணும் போல கோவம்.

— விடுங்க அப்ப. ஆனா நானும் ஒண்டு கேப்பன். நாலு வரிசமா என்ட கண்ட வாங்கிறீங்க. மத்தத் தோட்டத்துக் கண்ட விட என்ட கண்டு ஏன் மலிவு எண்டு ஒரு நாளாவது கேட்டீங்களா? அந்த மலிவாலதானே இந்தக் கடை நிமிர்ந்திச்சு? ஓடருக்கு மேல ஓடர் வந்திச்சு? அப்ப இனிச்சிச்சு, இப்பக் கசக்குதா?

— கேக்கல்ல.

— ஆ. கேக்கல்ல.

— ஓம், கேக்கல்ல. தம்பி எனக்காகக் குறைச்சுத் தாறான் எண்டு நினைச்சன். நினைக்கிறது சுகமா இருந்திச்சு, அதால கேக்கல்ல. அது என்ட பிழை. என்ட பிழைய நான் சுமக்கிறன். நீ உன்டயச் சும. இனி நான் சொல்லாமக் கொள்ளாம எந்த நேரமும் உள்ளுக்கப் போய்ப் பாக்கக்கூடிய இடத்துலதான் கண்டு எடுப்பன். வேலையாக்களோட தனிய நிண்டு கதைச்சுப் பாத்துத்தான் எடுப்பன். அது ஆருட தோட்டமா இருந்தாலும் சரி.

— சரி சரி. வாற மாசத்துல இருந்து எல்லாத்தையும் மாத்துறன். பூட்டையும் கழட்டிருவன். இப்ப இறக்குவம். ஹோட்டல் வேலை முடியட்டும்.

— ஹோட்டல் வேலை முடிஞ்சுட்டு.

— என்ன?

— காலையில அவங்களுக்குக் கோல் எடுத்தன். என்னால இந்தக் கடுதாசியில ஒப்பம் வைக்க ஏலாது எண்டு சொன்னன். ஏன் எண்டும் சொன்னன்.

— பைத்தியமா உங்களுக்கு? அதுதானே இந்த வரிசத்துப் பெரிய ஓடர்! அவன் வேற ஆளுக்குக் குடுத்தா?

— குடுக்கட்டும். யோசிச்சுச் சொல்றம் எண்டாங்க. அவங்க குடுத்தாலும் குடுக்காட்டியும் உன்ட கண்டு அங்க போகாது. இன்னொண்டும் இருக்கு. கேளு. லேபர் கந்தோருக்கும் எழுதிக் குடுத்திட்டன்.

— எ... என்னயா?

— உன்ட பேர, தோட்டத்த, ஆறு பேர உள்ளுக்க வச்சிருக்கிறத. எல்லாம் எழுதினன்.

— கூடப் பிறந்த தம்பியப் பிடிச்சுக் குடுத்தீங்களா?

— ஓம்.

— ஓமா? கொஞ்சமும் கூசாமச் சொல்றீங்க?

— ராத்திரி முழுக்கக் கூசிக் கூசித்தான் கிடந்தன். விடிஞ்சதும் எழுதினன். நாளைக்கு வந்து பாப்பாங்களாம். ஆனா நாளை வரைக்கும் அந்தப் புள்ளகள் உள்ளுக்க இருக்க ஏலாது. எடு போன. முஸ்தாக்குக்கு எடு.

— எடுக்க மாட்டன்.

— எடு பஸால்!

— எடுத்தா என்ட தோட்டம் முடிஞ்சுது. நாளைக்குக் காலையில ஒரு கண்டுக்குத் தண்ணி ஊத்த ஆள் இல்ல.

— நீ ஊத்து. நான் வந்து ஊத்துறன். கூலிக்கு வேற ஆள் பிடி, பின்னேரம் வீட்ட போற ஆளாப் பிடி. எடு. இல்லாட்டி நான் இப்பயே பள்ளிவாசலுக்குப் போய் நம்பிக்கையாளர் சபை ஆக்கள் எல்லாருக்கும் முன்னால வச்சுச் சொல்லுவன். பொம்புள உள்ளுக்க வரப்படாது எண்டா வாசல்ல நிண்டு கத்துவன். என்னத் தெரியும்தானே உனக்கு?

— கெடுத்துப் போட்டீங்க ராத்தா. எல்லாத்தையும் கெடுத்துப் போட்டீங்க... ஹலோ. முஸ்தாக். ஓம், நான்தான். கேற்றத் திற. இல்ல, லொறி வரல்ல. சும்மா திற. ஓம், முழுசா. போக நினைக்கிறவங்க போகட்டும். என்ன ஏன்? திற எண்டாத் திறயன்டா!

— போன என்னட்டத் தா. தா இங்க. முஸ்தாக், நான் பஸால்ட ராத்தா முனவ்வறா கதைக்கிறன். போன பூமணிர கையில குடுங்க. லவுட்ல போடுறன், நாச்சியா, நீயும் கேளு. ஹலோ, பூமணியா?

— அக்கா? நேத்து வந்த அக்காவா?

— ஓம் புள்ள. கேற் திறந்திருக்கா?

— தெறந்துட்டாங்க அக்கா. ரெண்டு கதவையும் தெறந்து வச்சிருக்காங்க. ஆனா நாங்க இன்னும் உள்ளுக்குத்தான் நிக்கிறோம்.

— ஏன்?

— பயமா இருக்குக்கா. கார்டு இல்லாம ரோட்டுக்குப் போனா பொலிஸ் புடிக்கும்னு மொதலாளி சொன்னாருங்களே.

— பொய் புள்ள அது. உன்ன ஒருத்தரும் பிடிக்க மாட்டாங்க. வெளியில வாங்க. ஆறு பேரும் வாங்க. சந்தியில பஸ் நிக்கிற இடத்துல இருங்க. உங்கட காட்டெல்லாத்தையும் நான் கையில கொண்டுக்கிட்டு வாறன்.

— நெசமாவாக்கா? ஊருக்குப் போலாமா? அம்மாவப் பொதைச்ச எடத்தையாச்சும் பாத்துட்டு வரலாமா?

— போகலாம். வேலை செஞ்ச சம்பளத்துல ஒரு சதம் குறையாம வாங்கித்தான் அனுப்புவன். நட புள்ள. வெளியில கால வை. நான் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறன்.

— வச்சுட்டேங்கா... ரோட்டுல நிக்கிறேன்.

— அல்ஹம்துலில்லாஹ். நில்லு அங்கயே. வாறன். இந்தா பஸால், உன்ட போன். இப்ப காட்டத் தா.

— காட் தோட்டத்துல இருக்கு.

— பொய் சொல்லாத. உன்ட மூஞ்சி எனக்குத் தெரியும். லொறிக்குள்ளதானே வச்சிருக்காய்? நாச்சியா, முன் சீட்டுப் பெட்டியத் திறந்து பாரு.

— ராத்தா, இதுக்குள்ள றப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டு இருக்கு.

— எடு. வாசி.

— பூமணி. கிசோக். மேனுஜா. இது... சாமித்தம்பி. இன்னும் ரெண்டு. ஆறும் இருக்கு ராத்தா. போனும் ஒரு சொப்பிங் பேக்குல கிடக்கு.

— எல்லாத்தையும் தா. பாரு பஸால், இந்தப் போட்டோவ. பதினெட்டு வயசும் இருக்காது இந்த மேனுஜாவுக்கு படம் எடுக்கக்குள்ள. தலைக்குப் பூ வச்சுக்கிட்டு எடுத்திருக்கு. வேலைக்குப் போகப் போறம் எண்ட சந்தோஷத்துல எடுத்திருக்கும். அத நீ லொறிக்குள்ள கிறீஸ் துணியோட போட்டு வச்சிருக்காய்.

— முடிஞ்சுதா? கதைச்சு முடிஞ்சுதா உனக்கு?

— நீங்க எண்டு கதைச்சவன் இப்ப உனக்கு எண்டு கதைக்கிறாய். கதை. அதுக்கும் நான் கோவிக்க மாட்டன்.

— இண்டையோட எனக்கு ராத்தா எண்டு ஒருத்தி இல்ல. நான் மௌத்தானாலும் என்ட ஜனாஸாவுக்கு வராத.

— உன்னப் பொலிஸ் பிடிச்சு மறியல்ல போட்டா நான் சோறு கொண்டு வருவன். மௌத்தானா வந்து நிப்பன். நீ தடுக்க ஏலாது. ஆனா உன்ட கண்டு என்ட கேற்றுக்குள்ள வராது. போ. லொறிய எடு. கண்டெல்லாம் செத்திரும், போய்த் தண்ணி ஊத்து.

— உம்மாட்டப் போய்ச் சொல்றன்.

— சொல்லு! வாப்பா மௌத்தாகி நான் வர ஏலாமக் கிடந்த கதையையும் சேத்துச் சொல்லு!

— ராத்தா, லொறி போயிட்டு. கதிரையில இருங்க. தண்ணி கொண்டு வரட்டா?

— வேணாம் நாச்சியா. இருந்தா எழும்ப ஏலாது. லுஹர் தொழுகைக்குப் பொறகு ஒரு பொத்துவில் பஸ் இருக்கு, அதப் பிடிக்கணும். நீ கடையப் பாத்துக்க. கண்டு கேட்டு வந்தா இருக்கிறதக் குடு. ஹோட்டல்ல இருந்து கோல் வந்தா நான் வந்து கதைக்கிறன் எண்டு சொல்லு.

— ஓம். ராத்தா, போக முதல் ஒண்டு கதைக்கணும்.

— வந்து கதைப்பம் நாச்சியா. அந்தப் புள்ளகள் ரோட்டுல நிக்குது.

— இல்ல ராத்தா, இப்பயே கதைக்கணும். அந்தக் காட்டெல்லாம் உங்கட கையில இருக்கக்குள்ளயே கதைக்கணும். பொறகு எனக்குத் தைரியம் வராது.

— என்ன? நீயும் பஸாலுக்காகக் கதைக்கப் போறியா?

— இல்ல. நீங்க செஞ்சது சரி. அந்தப் பூமணி ரோட்டுல கால வச்சன் எண்டு சொல்லக்குள்ள எனக்கு என்ட நினைப்புத்தான் வந்திச்சு. ரெண்டு வரிசத்துக்கு முதல் நான் கட்டாருக்கு வேலைக்குப் போக வெளிக்கிட்டனே, ஞாபகமா ராத்தா?

— ஞாபகம் இல்லாம? மறிச்சது நான்தானே. நான் பட்டத நீயும் படக்கூடாது எண்டு. உன்ன நான் காப்பாத்தினன் நாச்சியா, அத இப்ப என்னத்துக்குக் கதைக்கிறாய்?

— காப்பாத்தத்தான் நினைச்சீங்க. எனக்கு முப்பத்தாறு வயசு ராத்தா. ரெண்டு தரம் கேட்டன், ரெண்டு தரமும் ஏசினீங்க. உங்கட அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கிற என்ட பாஸ்போட்டையும் எடுத்துத் தந்திட்டு, பொறகு பஸ்ஸுக்குப் போங்க.